கந்தகம் சோறு போடும் கடலடி



தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடம் வட்டாரத்தில் கந்தகம் என்றதும் தீப்பெட்டி ஆபீஸ்தான் நினைவுக்கு வரும். அதே கந்தகம், இந்தியப் பெருங்கடலின் அடியில் எத்தனையோ உயிர்களுக்குச் சோறு போடுகிறது.

2024 டிசம்பரில் அந்தக் கடலடியின் படம் ஒன்று வெளியானது. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும், கோவாவின் தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையமும் ஆளில்லா நீர்மூழ்கியை அனுப்பி, சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் ஒரு வெந்நீர் ஊற்றைப் படம்பிடித்தன. நம் விஞ்ஞானிகளுக்கு இது முதல் வெற்றி.

கடல்தரை விரிசல்களில் இறங்கும் நீர், எரிமலைக் குழம்பின் சூட்டில் 350 டிகிரிக்கு மேலும் காய்கிறது. மேலே அழுத்தும் தண்ணீரின் பாரம் அதைக் கொதிக்க விடுவதில்லை. உலோகங்களையும் ஹைட்ரஜன் சல்பைடையும் கரைத்துக்கொண்டு மேலேறி, குளிர்நீரைத் தொட்டதும் கரும்புகையாய்ப் பொங்குகிறது.

அங்கே உயிர்கள் எப்படிப் பிழைக்கின்றன? அந்தச் சுடுநீருக்குள் எந்த விலங்கும் இறங்குவதில்லை. சுற்றிலும் 2 டிகிரி குளிர். மார்கழியில் தீ மூட்டிக் குளிர்காய்பவர்களைப்போல, கிட்டவும் போகாமல் எட்டவும் போகாமல் இளஞ்சூட்டில் வாழ்கின்றன. வெயில் எட்டாத அந்த ஆழத்தில் உணவு சமைப்பவை பாக்டீரியாக்கள். நமக்கு நஞ்சான ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றல் எடுத்து, நம் கரிசலின் பருத்தியும் உளுந்தும் வெயிலில் செய்யும் வேலையை அவை இருட்டில் செய்கின்றன.

1977இல் கலாபகஸ் தீவுகள் அருகே இதுபோன்ற ஊற்றுகளைத் தேடி ஆல்வின் நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் கண்ட ராட்சதக் குழாய்ப்புழுக்களுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களே அவற்றுக்கு உணவூட்டுகின்றன.

நம் பெருங்கடலிலும் ஓர் அதிசயம் உண்டு. மொரிஷியஸுக்குத் தென்கிழக்கே கைரெய் என்னும் ஊற்றுப் பகுதியில் 2001இல் கண்டறியப்பட்ட செதில்கால் நத்தை அது. இரும்பும் கந்தகமும் சேர்ந்து அதன் காலிலுள்ள செதில்களில் படிந்து கவசமாகின்றன. இதுவும் உள்ளே பாக்டீரியாக்களை வளர்த்தே வயிறு நிறைக்கிறது.

2019இல் இந்த நத்தை, அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. ஆழ்கடல் சுரங்கத்தின் அச்சுறுத்தலால் அதில் இடம்பெற்ற முதல் உயிரினம் இதுதான். ஊற்றுகளைச் சுற்றிச் செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்கள் படிந்திருப்பதால் உலக நாடுகளின் கண் அங்கே இருக்கிறது. இந்தியாவும் 2016இல் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆய்வு ஒப்பந்தம் செய்திருக்கிறது.

ஆய்வு தேவைதான். ஆனால் தோண்டுவதற்கு முன், அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தாக வேண்டும். அதற்குக் கடலுயிரியல் படித்தவர்கள் நிறையப் பேர் வேண்டும். தென்காசி மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை; அதனால் கடல் படிப்பு நமக்கு எதற்கு என்று இருந்துவிட வேண்டாம். பெற்றோரே, ஆசிரியர்களே, இப்படியும் ஒரு படிப்பு இருக்கிறது என்று உங்கள் பிள்ளைகளிடம் இந்த வாரமே சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்