அம்மாவின் அறைக் கதவு

டீன் ஏஜ் பெண்ணின் கவலைகளை எப்போதாவது முழுசாகக் கேட்டிருக்கிறீர்களா? 14 வயதுப் பெண் ஒருத்தியின் பட்டியல் இது.

தன் சருமத்தின் மீதே கோபம். முழங்கால் எப்போதும் வறண்டு கிடக்கிறது. அடுத்த பார்ட்டிக்குள் டான்ஸ் கற்றுக்கொள்ள வேண்டும். பல்லில் க்ளிப். நாளைக்குப் போட்டுக்கொள்ள டிரஸ் இல்லை. நடுநடுவே, வளர்ந்து ஆளாவதற்குள் செத்துவிடுவோமோ என்ற பயம்.

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் எழுதிய 'ஹேங்கிங் ஃபயர்' கவிதையில் வரும் பெண் இவள். 1978-ல் வெளியான 'தி பிளாக் யூனிகார்ன்' தொகுப்பில் இருக்கிறது. மூன்று பகுதிகள், மூன்றும் ஒரே இடத்தில்தான் முடிகின்றன. அம்மா படுக்கையறையில் இருக்கிறாள், கதவு சாத்தியிருக்கிறது.

இனம் என்ற வார்த்தையே கவிதையில் இல்லை. ஆனால், வறட்சியில் பூக்கும் வெண்சாம்பல் கறுத்த தோலில்தான் பளிச்செனத் தெரியும். பையனைவிட அதிக மார்க் வாங்கியும் கணக்குக் குழுவில் அவளுக்கு இடமில்லை. பெண் என்பதாலா, கறுப்பு என்பதாலா? அதை விளக்கிச் சொல்ல வேண்டியவர் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

அந்தப் பெண் லார்டேதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், வீட்டுக்குள் நிலவும் மௌனம் அவருக்குப் பழக்கமானது. கரீபியத் தீவுகளிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய பெற்றோரின் மகள் அவர். தன் வாழ்க்கையைப் புனைவும் கலந்து எழுதிய 'ஸாமி' (1982) நூலில், 1947-ல் குடும்பத்தோடு வாஷிங்டன் போன ரயில் பயணம் வருகிறது. அம்மா கோழி வறுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். ரயிலில் சாப்பாடு விலை அதிகம் என்றார். தெற்கே போகும் ரயில்களின் உணவுப் பெட்டியில் கறுப்பர்களை அனுமதிப்பதில்லை என்பதைச் சொல்லவில்லை. வாஷிங்டனில் ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்து சாப்பிட விடவில்லை. குடும்பமே பேசாமல் எழுந்து வெளியே வந்தது. ஏன் என்ற மகளின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வலிக்கக் கூடாது என்றுதான் பெரும்பாலான பெற்றோர் மறைக்கிறார்கள். காரணம் தெரியாத பிள்ளையோ, தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறது.

கவிதையில் அம்மா ஏன் கதவைச் சாத்தியிருக்கிறாள் என்று லார்ட் சொல்லவில்லை. அவளைத் திட்டவும் இல்லை. களைத்துப்போன அம்மாவுக்குக் கதவைச் சாத்திக்கொள்ள உரிமை உண்டு. ஏன் சாத்துகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாத்தலாம்.

உங்கள் வீட்டு 14 வயதும் பல் க்ளிப்பைப் பற்றிப் புலம்பக்கூடும். 'இதெல்லாம் ஒரு கவலையா' என்று எழுந்து போய்விடாதீர்கள். சின்னக் கவலைக்கு அடுத்துத்தான் பெரிய கவலை வரும். அது வரும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.