நடப்பவனுக்கு வழி எங்கே?

மாலை நேரம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிகிறது. கையில் எண்ணெய்ப் பிசுக்கு, தோளில் பை, பைக்குள் காலியான சோற்றுத் தூக்கு—வெளியே வருகிறான் பாட்டாளி. காரா காத்திருக்கிறது அவனுக்கு? பட்டரவாக்கம் இரயிலடிக்கோ பஸ் நிற்கும் இடத்துக்கோ அவனைக் கொண்டு சேர்க்க வேண்டியவை அவனுடைய இரண்டு கால்கள்தாம். அந்தக் கால்களுக்கு வழி எங்கே? நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் மின்சாரப் பெட்டி நிற்கிறது. கால்வாய் மூடி உடைந்து கிடக்கிறது. அதையும் தாண்டினால் லாரி நிற்கிறது. சாலையில் இறங்குகிறான். ஒருபுறம் சாக்கடை, மறுபுறம் கன்டெய்னர் வண்டியின் சக்கரம். நடுவே ஓர் அடி அகலம்—அதுதான் அவனுக்கு இந்த மாநகர் அளந்து கொடுத்திருக்கும் சொத்து!

நகரம் முன்னேறுகிறது என்கிறார்கள். இல்லையென்று சொல்ல நாம் வரவில்லை. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடப்போருக்கென அகன்ற பாதை திறந்தார்கள். உட்கார இருக்கைகளும் போட்டார்கள். பார்க்க அழகுதான், பாராட்டத்தான் வேண்டும். ஆனால், தோழர்களே, தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போகிறவர் அங்கே நடப்பது ஆண்டுக்குச் சில நாள். அரை வயிற்றுக் கஞ்சிக்காக அம்பத்தூரிலும் ஆவடியிலும் நடப்பவன் நடப்பதோ அன்றாடம்! எவன் அதிகம் நடக்கிறானோ அவனுக்குப் பாதை கடைசியில் என்பது என்ன கணக்கு?

2014இல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை வகுத்தது. நடப்போரும் மிதிவண்டிக்காரரும் முதலில், மற்றவை பிறகு என்றது அந்தக் கொள்கை. 2018க்குள் நூற்றுக்கு எண்பது சாலைகளில் நடைபாதை, சாலையில் நடப்போர் சாவு அறவே இல்லை என்று இலக்கும் குறித்தது. அம்பத்தூர் மாநகராட்சியோடு இணைந்தது 2011இல். ஆகவே அந்த வாக்குறுதி அம்பத்தூருக்கும் சேர்த்துத்தான். 2018 வந்தது, போயிற்று. ஏட்டிலே எழுதிய எண்பது, வீட்டு வாசலிலே காணோம்!

இன்னொரு வேடிக்கை. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் ஆலை வைத்து, ஊர் ஊருக்கும் சைக்கிள் செய்து அனுப்பியது. நாட்டுக்கே சைக்கிள் கொடுத்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறான்.

தெருவில் நடப்பது சில்லறை விஷயம், இதையெல்லாம் தலையங்கமாக எழுதுவதா என்று முகம் சுளிப்பவர் இருக்கலாம். அவர்களுக்கு வைக்கத்தை நினைவூட்டுவோம். 1924இல் அங்கே எழுந்த கேள்வி என்ன? கோயிலைச் சுற்றிய தெருவில் மனிதன் நடக்கலாமா என்பதுதானே! அந்தத் தெருவுக்காகத்தானே பெரியார் சிறை புகுந்தார்! அங்கே அவர் நினைவகத்தைப் புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்தபோது, நூறாண்டுப் பெருமை பேசினோம். பேசிய வாயால் இதையும் கேட்க வேண்டாமா? அன்று, நடக்காதே என்று பலகை வைத்துத் தடுத்தார்கள் வைதிகர்கள். இன்று பலகை இல்லை. சாலை அமைப்பே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 1973இல் கலைஞர் கை ரிக்‌ஷாவை ஒழித்தது எதற்காக? மனிதனை மனிதன் இழுக்கும் இழிவு தெருவில் இருக்கக் கூடாது என்பதற்காக. தெரு என்பது சுயமரியாதைப் பிரச்சினை என்று முதலில் சொன்னவர்கள் நாம்!

இது மானப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை. 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். வண்டியும் ஓட்டாமல், வேகமும் காட்டாமல், நடந்த குற்றத்துக்காகச் செத்தவர்கள்! பாதசாரி தடையின்றி நடப்பது வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது.

நிபுணர்கள் உடனே நீட்டுவது மேம்பாலத் திட்டம்: நடப்பவன் படியேறி, பாலம் கடந்து, படியிறங்கட்டுமாம். ஏன்? கார் பிரேக் போடக் கூடாதாம்! பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்த பெண் ஏறி இறங்குவாளாம். குளிர்சாதன வண்டியில் சாய்ந்திருப்பவர் அரை நிமிடம் நிற்க மாட்டாராம்! சிக்னல் வையுங்கள், கோடு போடுங்கள், வண்டி நிற்கட்டும். நடைபாதைக்கு இடைஞ்சல் என்று இளநீர் வண்டிக்காரரையும் பூக்காரம்மாவையும் விரட்டுவதும் நமக்கு ஒப்பவில்லை. தெருவோர வணிகருக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. முதலில் பெரிய கடைகளின் கார்கள் நடைபாதையை விட்டு இறங்கட்டும்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை என்று ஆணை பிறந்தது. ஏழைத் தாயின் முந்தானையில் நாலு காசு தங்கியது. 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்து வந்தது. சக்கர நாற்காலியோடு ஏறலாம். 2025 மார்ச்சில் பூந்தமல்லியில் மெட்ரோ சோதனை ஓட்டம் நடந்தது. கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை 21.76 கிலோமீட்டருக்கு மெட்ரோத் திட்டமும் தீட்டியாயிற்று. நல்லவை எல்லாம்! ஆனால் வீட்டிலிருந்து நிறுத்தம் வரை அந்தத் தாய் எப்படிப் போவாள்? அந்தச் சக்கர நாற்காலி எதன்மேல் உருளும்? கோடி கோடியாய்க் கொட்டிப் பாலம் கட்டிவிட்டு, அதன் காலடியில் சேறு கிடந்தால், பட்டு வேட்டி கட்டியவன் முள்ளில் நடந்த கதைதான்.

1955இல் ஆவடியில் காங்கிரசார் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் காண்போம் என்று தீர்மானம் போட்டார்கள். பந்தல் பிரித்த கையோடு அதையும் சுருட்டி வைத்தார்கள் என்று மேடைதோறும் கேலி பேசியவர்கள் நாம். நாளை நம்மை நோக்கி அதே கேலி வரக் கூடாது. மாநகராட்சி மன்றத்தில் எவர் உட்கார்ந்திருந்தாலும், நம்மவரே உட்கார்ந்திருந்தாலும், கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

நடைபாதையில் தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்று இந்திய சாலைக் காங்கிரசின் விதியே இருக்கிறது. ஏறத்தாழ ஆறடி அகலம், அரையடி உயரம். கிளைக் கழகத் தோழர்கள் தையற்காரரிடம் ஒரு நாடா வாங்கிக்கொள்ளட்டும். ஆலை வாசலிலிருந்து இரயிலடி வரை, பள்ளியிலிருந்து பஸ் நிறுத்தம் வரை, இரவு விளக்கு எரிகிறதா என்பது உட்பட, அளந்து எழுதட்டும். 2022 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளை மேசைமேல் வைத்து, எந்தத் தேதிக்குள் என்று கேட்கட்டும். தேதியைக் கூட்டக் குறிப்பில் எழுத வைத்துவிட்டு வீடு திரும்பட்டும்.