கடைசிக்கு முந்தையவர்

ஒரு மொழி எப்போது இறக்கிறது? செய்தியாளரைக் கேட்டாலும் மொழியியல் மாணவரைக் கேட்டாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: அதன் கடைசிப் பேச்சாளர் இறக்கும் நாளில். இந்த விடை பிழையானது. வெறும் வரையறைப் பிழை என்றால் இவ்வளவு நீளமாக எழுத வந்திருக்க மாட்டேன். அந்தப் பிழையின் மறைவில் ஒரு மனிதரின் தனிமை பார்வைக்கே தப்பிவிடுகிறது. அதை மறைப்பதில் என் துறைக்கும் பங்குண்டு என்பதால்தான் எழுதுகிறேன்.

அந்தமானின் 'போ' மொழியைப் பேசிய கடைசி மனிதர் போவா சீனியர், 2010 சனவரி 26 அன்று, ஏறத்தாழ 85 வயதில் மறைந்தார். உலகின் பெரிய நாளேடுகள் எல்லாம் அதை எழுதின. தொன்மையான மரபு அறுந்தது, மனிதகுலம் ஒரு செல்வத்தை இழந்தது, அறிவியலுக்கு ஈடுசெய்ய இயலாத நட்டம். இரங்கல் குறிப்புகளை மீண்டும் படித்துப் பாருங்கள். இழந்தவர் யார் என்ற கேள்விக்கு அவற்றில் கிடைக்கும் விடை 'நாம்' என்பதே. ஆனால் போவா தம் இழப்பை நமக்கு வெகுகாலம் முன்பே சந்தித்துவிட்டார். தம் தாய் இறந்தபின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அவருடைய தாய்மொழியில் அவரோடு பேச ஒருவரும் இல்லை. உரையாடல் என்பதற்கு இருவர் வேண்டும். அப்படியானால் போ மொழி பேச்சுமொழியாக இறந்தது அந்தத் தாயின் மறைவு நாளில். அன்று எந்த நாளேடும் எழுதவில்லை. எந்த ஆய்வாளரும் கணக்கில் குறித்துக்கொள்ளவில்லை. கடைசிக்கு முந்தையவருக்கு நம் துறையில் ஒரு பெயர்கூடக் கிடையாது.

போவாவைச் சுற்றி மனிதர்கள் இல்லாமல் இல்லை. ஸ்ட்ரெய்ட் தீவில் அவரோடு வேறு பெரிய அந்தமானியர்கள் வாழ்ந்தார்கள். அவர்களோடு பேசுவதற்காக அவர் அந்தமான் இந்தியையும், பல மொழிகள் கலந்துபோன பெரிய அந்தமானிய வழக்கையும் பயன்படுத்தினார். அவருடைய குரலைப் பல ஆண்டுகள் பதிவுசெய்த பேராசிரியர் அன்விதா அப்பி, போவா பறவைகளோடு பேசிக்கொண்டிருப்பார் என்று சொல்லியிருக்கிறார். இந்தச் செய்திதான் நம் சமூக ஊடகங்களில் இன்றும் சுற்றிவருகிறது: இயற்கையோடு ஒன்றிய மூதாட்டி, பறவை மொழி அறிந்தவர், பக்கத்தில் ஒரு சூரிய அத்தமனப் படம். முப்பது ஆண்டுகள் பதில் கேளாத ஒருவர் கடைசியில் பறவையிடம் பேசினார் என்பதை அழகாகக் காண்பதற்கு எத்தகைய மனம் வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த மனத்துக்கு இப்போது சந்தையும் இருக்கிறது. தனித்திருத்தலே முதிர்ச்சி, எவரையும் சாராதவரே வலிமையுடையவர், உன்னோடு நீ இருக்கப் பழகு என்று நாள்தோறும் நமக்கு உபதேசம் வருகிறது. துறவிகளையும் கவிஞர்களையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். தானே தேர்ந்துகொண்ட தனிமை பயன் தருவது என்பதை நான் மறுக்கவில்லை. ஆய்வேடு எழுதும் எவரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தனிமைக்கு வெளியே செல்ல ஒரு கதவு இருக்கிறது. அறையைவிட்டு வந்து தேநீர்க் கடையில் நின்றால் நம் மொழியில் நம்மைத் திட்டுவதற்காவது ஒரு நண்பன் இருக்கிறான். கதவு உள்ளவர்கள், கதவு அடைக்கப்பட்டவர்களைப் பார்த்து ஏகாந்தத்தின் பெருமையைப் பேசுவது அறியாமை. அடைத்தவர் யார் என்று கேட்காமல் பேசுவது அறியாமையினும் தீயது.

போவாவின் கதவு தானாக அடைபடவில்லை. 1858இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றத்தை அமைத்தனர். 1877இல் தட்டம்மை பரவியது. அதற்கு முன்னும் பின்னும் வேறு நோய்கள். பத்துக் குழுக்களாக, பத்து மொழிகளோடு வாழ்ந்த அந்த மக்கள் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். பத்தொன்பது! எஞ்சியவர்களைச் சுதந்திர இந்தியாவின் அரசு ஒரு சிறு தீவில் ஒன்றாகக் குடியமர்த்தியது. உயிர் காக்கப்பட்டது, உண்மை. எந்த மொழியில் அந்த உயிர் பேசும் என்பது எவருடைய கோப்பிலும் இடம்பெறவில்லை.

இனி என் துறைக்கு வருகிறேன். களப்பணிக்குச் செல்லும் மொழியியலார் பலரும் முதலில் கையிலெடுப்பது மோரிஸ் சுவதேசின் நூறு சொற்பட்டியல். அது எப்படித் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள்: நான், நீ, நாம். உலகில் எவரையும் 'நீ' என்று அழைக்க வழியற்ற ஒருவரிடம் போய், 'நீ' என்பதற்கு உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள் என்று கேட்கிறோம். அவர் சொல்கிறார், நாம் ஒலிக்குறியீட்டில் எழுதிக்கொள்கிறோம். அடுத்த சொல். அவர் சொன்னதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை, மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள் என்பதைத் தவிர. மணிக்கணக்கில் ஒருவரைப் பேசவைத்தும் ஒருமுறைகூட அவரோடு பேசாமலிருக்க முடியும் என்பதை இந்த முறை மெய்ப்பித்திருக்கிறது. அப்பி போன்று ஆண்டுக்கணக்கில் உடனிருந்து பழகியவர்களை இதில் சேர்க்கவில்லை. அவர்கள் விதிவிலக்கு, வினாநிரலே விதி.

இத்தனைக்கும் அந்த மொழிக்குடும்பத்தின் இலக்கணமே நமக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. பெரிய அந்தமானியத்தில் தலை, கை, குருதி போன்ற உடலுறுப்புப் பெயர்கள் தனித்து வருவதில்லை. இன்னாருடைய என்று காட்டும் முன்னொட்டோடு மட்டுமே அவை சொல்லாகும். எவருக்கும் உரிமையில்லாத வெறும் 'தலை' அங்கே இல்லை. இந்தப் பண்பை வியந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறோம். மொழியையே எவரோடும் சேராத வெறும் பொருளாக எடுத்து ஆவணக்காப்பகத்தில் வைக்கும்போது மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

ஆவணமும் இல்லையென்றால் ஒன்றுமே எஞ்சாதே என்பார்கள். சரிதான், போவாவின் பாடலை இன்று நாம் கேட்க முடிவது பதிவுகளால்தான். என் சினம் பதிவின்மேல் அன்று, பதிவோடு கடமை முடிந்தது என்னும் நிறைவின்மேல். 2013இல் மைய அரசு அருகிவரும் மொழிகளுக்கெனத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, மைசூரின் இந்திய மொழிகள் நடுவண் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பத்தாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளுக்கு இலக்கணம், அகராதி, இனவியல் குறிப்பு ஆகியவை அதன் விளைபொருள்கள். நல்ல பணி. ஆனால் அகராதி வெளியீட்டு விழா முடிந்த மாலையில் அந்த மொழியில் பேசிக்கொள்ள இருவர் கூடினார்களா என்பது எந்த அறிக்கையிலும் வராது. அதே பத்தாயிரம்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வெளியீட்டிலும் கோடு. அதற்குக் கீழே உள்ள மொழிகளுக்குப் பட்டியலில் பெயரே கிடையாது, 'பிற' என்னும் ஒற்றைச் சொல்லில் கரைந்துபோகும்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது; வேறு மக்கள் செய்தும் காட்டியிருக்கிறார்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982இல் 'மொழிக்கூடு'களைத் தொடங்கினார்கள். பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளை, மொழி அறிந்த பாட்டன் பாட்டியரோடு நாள் முழுவதும் இருக்கவிட்டார்கள். அவ்வளவுதான் அதன் தத்துவம். கலிபோர்னியாவின் பழங்குடியினர் 1990களில் மொழி அறிந்த முதியவர் ஒருவரையும் கற்க விரும்பும் இளையவர் ஒருவரையும் இணைத்தார்கள். இருவரும் சேர்ந்து சமைப்பார்கள், துணி துவைப்பார்கள், வெளியே போவார்கள். ஆங்கிலம் மட்டும் கூடாது. மொழி பிழைத்ததா என்பதை ஒவ்வோர் இடமாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த முதியவருக்கு வாரத்தில் சில மணிநேரம் தம் மொழியில் பதில் கிடைத்தது. அதை வெற்றியாகக் கணக்கிட என் துறையிடம் அளவுகோல் இல்லை. ஒலியன்களை எண்ணத் தெரிந்த நமக்கு இதை எண்ணத் தெரியவில்லை.

தனிமையை ஒழிக்கப் பிரிட்டன் 2018இல் ஓர் அமைச்சரை அமர்த்தியது; ஜப்பான் 2021இல். உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் ஓர் ஆணையம் அமைத்தது. நாமும் ஏதாவது அமைப்போம், சந்தேகமில்லை. அதுவரை ஒரு சிறு மாற்றம் போதும். 2027 கணக்கெடுப்பு வருகிறது. தாய்மொழி எது என்றும், வேறு எந்த மொழிகள் தெரியும் என்றும் நம் கணக்கெடுப்புகள் வழக்கமாகக் கேட்டுவந்திருக்கின்றன. சிறுபான்மை மொழிகளின் படிவத்திலாவது இன்னொரு கேள்வி சேர்க்கப்பட வேண்டும். அரசு சேர்க்காவிட்டால், நல்கை பெற்றுக் களத்துக்குப் போகும் நாமாவது சொற்பட்டியலை எடுக்கும் முன்பு அதைக் கேட்க வேண்டும்: உங்கள் மொழியில் கடைசியாக எப்போது, யாரோடு பேசினீர்கள்? அவர் இன்னும் இருக்கிறாரா? எத்தனை மைல் தொலைவில்? அவரைப் பார்க்கப் போய்வர உங்களிடம் வண்டிச்சத்தத்துக்குக் காசு இருக்கிறதா?