கண்மையும் கண்மாயும்



இது நீளமான பதிவு. ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு பீரியட் முடிந்ததென்று மணி அடிக்க ஆள் கிடையாது. அதனால் அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

கொஞ்ச நாளாகப் பழைய மாணவர் குழுவிலும் குடும்பக் குழுவிலும் ஒரே வழக்குதான் ஓடுகிறது. "எகிப்து மூத்ததா, நாம் மூத்தவர்களா?" ஒருத்தர் கீழடி என்கிறார். இன்னொருத்தர் சிவகளை என்கிறார். மச்சான் ஒருத்தர் எகிப்தியருக்குப் பிரமிடு கட்டச் சொல்லிக் கொடுத்ததே நம்ம ஆட்கள்தான் என்று காலையில் காப்பி குடிப்பதற்குள் ஒரு வீடியோவை அனுப்பிவிடுகிறார். முப்பது வருஷத்துக்கு மேல் சரித்திரம் நடத்தியவன் என்பதால் தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிடுகிறீர்கள். சொல்லிவிடுகிறேன். வழக்கே தப்பு. ஏன் என்று சொல்ல, எகிப்துக்காரர்களின் ஆரம்ப காலத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோம்.

எகிப்தின் முதல் அரசன் யார்? மெனெஸ் என்று பழைய கிரேக்கக் குறிப்புகள் சொல்கின்றன. நார்மர்தான் அந்த மெனெஸ் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். காலம் சுமார் கி.மு. 3100. மேல் எகிப்தையும் கீழ் எகிப்தையும் ஒன்றாக்கிய மகாராசன். மானெத்தோ என்ற எகிப்தியப் பூசாரி, மெனெஸ் 62 வருஷம் ஆண்டதாக எழுதி வைத்தார். முடிவு எப்படி வந்ததாம்? நீர்யானை தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். இரண்டு நாட்டைச் சேர்த்தவருக்கு ஆற்றங்கரையில் பார்த்து நடக்கத் தெரியவில்லை. மானெத்தோ வாழ்ந்தது மெனெஸுக்குச் சுமார் நூறு தலைமுறை பிந்தி. அதனால் இதையும் நம் தாத்தா புலியை அடித்த கதையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நார்மர் பெயரில் கிடைத்த பெரிய சான்று, 1890-களின் கடைசியில் ஹைராகன்போலிஸ் என்ற ஊரில் ஒரு கோயில் இருந்த இடத்தில் தோண்டி எடுத்த கல் பலகை. உயரம் சுமார் 64 சென்டிமீட்டர். ஒரு பக்கம் அரசர் எதிரியின் முடியைப் பிடித்துக்கொண்டு கதாயுதத்தை ஓங்குகிறார். பின்னால் ஒருத்தர் அரசரின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே தலைவருக்குச் செருப்புத் தூக்க ஆள் இருந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பலகை என்ன வடிவம் தெரியுமா? கண்மை அரைக்கிற கல்! அங்கே ஆண் பெண் எல்லாரும் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்வார்கள். கோயில் காணிக்கைக்காகப் பெரிதாகச் செய்தார்கள் என்றாலும், மை அரைக்கிற குழி அதில் இன்றைக்கும் இருக்கிறது. எகிப்தின் சரித்திரம் கண்மையில் தொடங்குகிறது. நம்ம ஊர்ச் சரித்திரம் கண்மாயில் தொடங்குகிறது. எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம்.

அதே ஊரில் இன்னொரு கல் கிடைத்தது. கதாயுதத்தின் தலைப்பகுதி. இப்போது ஆக்ஸ்போர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் உள்ள அரசரின் முகத்துக்கு முன்னால் ஒரு தேள் படம் இருப்பதால் அவரைத் தேள் மன்னன் என்பார்கள். இவர் கையில் ஆயுதம் இல்லை. மண்வெட்டி இருக்கிறது! வாய்க்கால் வெட்டித் தொடங்கி வைக்கிறார் என்பது பலருடைய கருத்து. எதிரே ஒருத்தர் குனிந்து கூடையை நீட்டுகிறார். பின்னால் விசிறி வீசுகிறவர்கள். பார்த்தவுடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூர்வாரும் பணியைத் தொடங்கி வைக்கப் பெரிய மனிதர் வருவார். புது மண்வெட்டி கொடுப்பார்கள். ஒரு கொத்து. போட்டோ. கார் கிளம்பிவிடும். மிச்சத்தை வெட்டுகிறவர் போட்டோவில் இருக்கமாட்டார். தேள் மன்னனுடைய கல்லில் கூடைக்காரரையாவது செதுக்கியிருக்கிறார்கள். பெயர்தான் எழுதவில்லை.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நார்மருக்கும் முந்திய, சுமார் கி.மு. 3200-ஐச் சேர்ந்த ஒரு கல்லறை அபிடோசில் இருக்கிறது. ஜெர்மானியர் குந்தர் டிரையர் 1988-இல் அதைக் கண்டுபிடித்தார். எலும்பிலும் தந்தத்திலும் செய்த சின்னச் சின்னச் சீட்டுகள் நூற்றுக்கு மேல் அங்கே கிடைத்தன. கட்டித் தொங்கவிட ஒரு துளை, அதற்குப் பக்கத்தில் எண்கள், ஊர் அடையாளங்கள். உலகத்தின் மிகப் பழைய எழுத்துகளில் இவையும் சேரும். பாட்டு இல்லை, காதல் கடிதம் இல்லை. எந்த ஊரிலிருந்து எவ்வளவு சரக்கு வந்தது என்கிற கணக்கு. ரேஷன் கடை ஸ்டாக் புத்தகத்துக்கு மூதாதை என்றுகூடச் சொல்லலாம். அதே அபிடோசில் நார்மர் காலத்துச் சாராயப் பட்டறை ஒன்று கிடைத்ததாக 2021-இல் அறிவித்தார்கள். பார்லியில் செய்கிற பியர். ஒரு தடவைக்கு 22,400 லிட்டர் காய்ச்சியிருக்கலாம் என்று கணக்கு. அரசு நடத்திய தொழில் என்பதால் மேலே நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்கே புரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பலேர்மோ கல் என்று ஒரு கல்வெட்டுத் துண்டு இத்தாலியில் இருக்கிறது. ஆரம்ப கால அரசர்களின் ஆண்டுக் குறிப்பு. ஒவ்வொரு வருஷத்துக்கும் கீழே ஒரு அளவு போட்டிருக்கும். அரசர் கொன்ற எதிரிகளின் எண்ணிக்கை என்று நினைத்தால் இல்லை. அந்த வருஷம் நைல் எவ்வளவு உயரம் ஏறியது என்கிற அளவு. முழக்கணக்கில், விரல்கணக்கில். ஏழு உள்ளங்கை அகலம் ஒரு முழம், நாலு விரல் ஒரு உள்ளங்கை. தண்ணீர் ஏறினால் விளைச்சல், விளைந்தால் வரி, வரி வந்தால் அரசாங்கம். பிரமிடெல்லாம் அதற்குப் பிறகு கட்டியவைதான். முதலில் வந்தது தண்ணீரை அளந்த விரல்.

எகிப்தியர் தங்கள் நாட்டைக் கெமெட் என்றார்கள். கறுப்பு மண் என்று பொருள். வெளியே இருந்த பாலைவனம் தெஷ்ரெட், செம்மண். அருப்புக்கோட்டைப் பக்கம் பிறந்தவனுக்கு இதற்கு உரை வேண்டுமா? கரிசல்காடு, செவல்காடு. வெளியூர்க்காரர்கள் நம்ம ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு "பாலைவனத்தமா?" என்று கேட்பார்கள். நானும் வருத்தப்படாமல், "ஆமாம், ஆனால் 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் வைத்த பாண்டித்துரைத் தேவர் இந்தப் பாலைவனத்து ஜமீன்தார்தான்" என்று சொல்லி வைப்பேன்.

"எகிப்து நைல் நதியின் நன்கொடை" என்ற வரியை உங்கள் எல்லாரையும் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்து, "அப்ப நம்ம ஊரு எதோட நன்கொடை சார்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. கேள்வி சிரிக்கிற கேள்வி இல்லை.

நைல் கொடுத்து வைத்த ஆறு. எத்தியோப்பிய மலையில் கோடையில் மழை பெய்யும். இங்கே ஒரு சொட்டு விழாமலேயே அந்தக் காலத்தில் எகிப்தில் வெள்ளம் வந்தது, வண்டலைக் கொட்டிவிட்டு வடிந்தது. எகிப்தியர் செய்தது, கரை கட்டி அந்தத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி, மண் ஊறியதும் அடுத்த பாத்திக்கு விட்டது. நமக்கு அப்படி எந்த ஆறு இருக்கிறது? குண்டாறு மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். திருச்சுழியில் பிரளய வெள்ளத்தையே சிவபெருமான் பூமிக்குள் சுழித்து இறக்கிவிட்டார் என்று தலபுராணம் சொல்கிறது. அதற்குப் பிறகு சுவாமி அந்தத் தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது நம் அனுபவம்.

அதனால் நம் முன்னோர் வேறு வழி பார்த்தார்கள். ஐப்பசி கார்த்திகையில் விழுகிற மழையைச் சரிவு பார்த்து வரத்துக்காலில் இழுத்து, கரை போட்டு நிறுத்தி, மடை வைத்து, மிஞ்சியதைக் கலுங்கு வழியாகக் கீழ்க்கண்மாய்க்கு விட்டார்கள். மேல்கண்மாய் நிறைந்தால்தான் கீழ்க்கண்மாய்க்கு. ஒன்றுக்கு மேல் ஒன்று தொங்குகிற உறி மாதிரி. இதற்கு அரசன் மட்டும் போதாது. எந்த வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்று பங்கு பிரிக்க ஒரு ஆள் இருந்தார். நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடைக்குடும்பன் என்று ஊருக்கொரு பெயர். களத்துமேட்டில் அவருக்கு நெல்லாகக் கூலி. பல ஊர்களில் அவர் குடியிருந்தது கடைசித் தெருவில். ஆனால் வறட்சியில் முதல் தெருக்காரர் வயல் பிழைப்பதும் காய்வதும் அவர் கையில் இருந்தது. தேள் மன்னனின் கூடைக்காரருக்குப் பெயர் எழுதாதது போலவே நாமும் இவர்கள் பெயரை எங்கும் எழுதவில்லை. அந்தக் கடைசி பெஞ்ச் கேள்விக்கு என் பதில் இதுதான்: எகிப்து நைலின் நன்கொடை என்றால், நம்ம ஊர் மண்வெட்டியின் நன்கொடை.

இப்போது வழக்குக்கு வருவோம். கீழடியில் கரித்துண்டு ஒன்று கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்று வந்திருக்கிறது. நம் மாவட்டத்திலேயே வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022 முதல் தோண்டி, சங்கு வளையலும் மணிகளும் சுடுமண் பொம்மைகளும் எடுத்திருக்கிறார்கள். சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போவதாகத் தமிழக அரசின் அறிக்கை 2025 சனவரியில் வந்தது. ஆய்வாளர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பேசட்டும். எல்லாம் பெருமைதான். எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் செங்கடல் ஓரத்தில் குசெய்ர் அல்-கதீம் என்ற எகிப்தியத் துறைமுகத்தில் கிடைத்த ஒரு பானை ஓடுதான் எனக்கு இதையெல்லாம்விடப் பிடித்தது. அதில் தமிழ் பிராமியில் எழுதியிருந்ததை ஐராவதம் மகாதேவன் "பானை ஒறி" என்று படித்தார். உறியில் தொங்குகிற பானை! சுமார் கி.மு. முதலாம் நூற்றாண்டு. நம் அப்பத்தா அடுப்படியில் மோர்ப்பானை தொங்கவிட்டிருந்த அதே உறி. எகிப்தில் நம் ஆட்கள் விட்டுவந்தது "நாங்கள்தான் மூத்தவர்கள்" என்ற கல்வெட்டு இல்லை. தன் பானைக்கு அடையாளமாக ஒரு சொல். வேலை பார்க்கப் போனவன் வேலையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

வயசு ஒரு தகுதி என்றால் பென்ஷன் வாங்குகிற நாங்கள் எல்லாரும் மந்திரிகளாக இருக்க வேண்டும். 5,000 வருஷப் பழைமை இருந்து என்ன, 50 வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் வந்த வரத்துக்கால் இன்றைக்கு எங்கே என்று கேட்டால் காட்ட ஆள் இல்லையே? கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் நிற்கிறது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களை நான் குறை சொல்லமாட்டேன். விவசாயம் கைவிட்டபோது அவர்களுக்கு அந்த முள்தான் சோறு போட்டது. முள்ளை வேரோடு பிடுங்கினால் போய்விடும். வரத்துக்காலின் மேல் காம்பவுண்டுச் சுவர் எழுப்பினால் போகாது.

இதைப் படிக்கிற உங்களில் பலர் சென்னையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊரில் ப்ளாட் வாங்கியிருக்கிறீர்கள். வீடு கட்டியவர்களும் இருக்கிறீர்கள். மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் ப்ளாட்டுக்குப் பக்கத்தில் 'ஓடைப் புறம்போக்கு' என்று இருந்தால் அந்த ஓடை தரையில் இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். இல்லையென்றால் உங்கள் தெருக்காரர்களோடு பேசி வழி விடுங்கள். பலேர்மோ கல் மாதிரி நமக்கும் கணக்கு எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். படித்துப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

குடிமராமத்து பழைய வழக்கம். ஊரே சேர்ந்து கரையைப் பலப்படுத்துவது, வரத்துக்காலைத் தூர்வாருவது. வெள்ளைக்காரன் 1858-இல் வராதவர்களை வரவைக்கச் சட்டமே போட்டான். 2017-இல் அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. சட்டமும் திட்டமும் வரும், போகும். ஐப்பசி வருஷா வருஷம் வரும். அதற்கு முன்னால் ஆவணியிலோ புரட்டாசியிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழுவில் இருக்கிறவர்களில் ஊருக்கு வரமுடிந்தவர்கள் வாருங்கள். வரமுடியாதவர்கள் ஜேசிபி வாடகைக்குப் பங்கு போடுங்கள். எண்பதைத் தொடப்போகிற நான் மண் வெட்டமாட்டேன், கூடையும் தூக்கமாட்டேன். வந்தவர்கள் பெயரை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைக்கிறேன். யார் பெயரும் விட்டுப்போகாது. கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

எந்த ஞாயிறு தோது என்று கீழே சொல்லுங்கள். எகிப்து வீடியோ அனுப்பும் மச்சானும் தேதி சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்,
பாலவனத்தம்