மலிவுப் படகின் மேல் என்ன கோபம்?

பாஸ் மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர் 20 அடி ஃபைபர் கிளாஸ் படகைப் புதிதாக வாங்க வேண்டுமாம். கையில் காசு இல்லையென்றால் 15 ஆண்டுக் கடனில் வாங்க வேண்டுமாம். அதற்கும் துணிவில்லாதவர் கரையிலேயே தூண்டில் போட்டுக்கொள்ளலாமாம். டெக்சஸில் குடியேறி, இப்போதுதான் ஏரிப் பக்கம் தலைகாட்டத் தொடங்கியிருக்கும் நம்மவர்களுக்கு நண்பர் ஒருவர் எழுதியிருக்கும் அறிவுரையின் சாரம் இது. பட்ஜெட் படகு என்பதே ஏமாற்று என்று சத்தியம் செய்கிறார். அவர் அடுக்கிய காரணங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் உளுத்த பலகையின் ஓசைதான் கேட்கிறது.

முதல் காரணம், நல்ல மீனுக்கு நல்ல படகு வேண்டும் என்பது. நண்பர் இந்த விளையாட்டின் சரித்திரத்தைப் புரட்டியே பார்க்கவில்லை. உலகச் சாதனையான லார்ஜ்மவுத் பாஸ் 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் பிடிபட்டது. எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ். பிடித்த ஜார்ஜ் பெர்ரி ஓர் ஏழை விவசாயி. போனது வீட்டிலேயே பலகை அடித்துச் செய்த படகில். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீனால் அந்தச் சாதனையைச் சமன் செய்யத்தான் முடிந்தது. இடைப்பட்ட 77 ஆண்டுகளில் எத்தனையோ பளபளப்பான படகுகள் வந்துவிட்டன. பெர்ரியை முந்த ஒன்றாலும் ஆகவில்லை.

அது பழங்கதை என்பாரானால் பிற்காலத்துக்கே வருவோம். 1978இல் தூண்டில் பொருள் வணிகரான ஜானி மோரிஸ் 'பாஸ் டிராக்கர்' படகை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அலுமினியப் படகு, எஞ்சின், ட்ரெய்லர் எல்லாம் ஒரே விலையில், அதுவும் மூவாயிரம் டாலருக்குள். சாதாரணச் சம்பளக்காரரை ஏரிக்குள் அழைத்துப்போன படகுகளில் அதற்கு முக்கிய இடம் உண்டு. நண்பர் ஏளனம் செய்யும் பட்ஜெட் படகின் தோளில் ஏறித்தான் இந்தப் பொழுதுபோக்கு இவ்வளவு பரவியிருக்கிறது.

அடுத்தது வேகம். 250 குதிரைத்திறன் எஞ்சின் இல்லாவிட்டால் மீன் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர முடியாது என்கிறார். போட்டிக்காரர்களுக்கு அது சரி. நூறு படகுகள் ஒரே நேரத்தில் கிளம்பி, குறித்த நேரத்துக்குள் மீனை எடைபோடத் திரும்பியாக வேண்டும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் பணம். சனிக்கிழமை காலை மகனோடு போகிறவருக்கு யாரோடு பந்தயம்? வசந்த காலத்தில் பாஸ் முட்டையிட வருவது கரையோரத்து ஆழமில்லாத நீருக்கு. படகு இறக்கும் ராம்ப்பிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே அப்படிப்பட்ட இடங்கள் பல உண்டு. டெக்சஸின் சாதனை மீன், 18.18 பவுண்டு, 1992இல் பிடிபட்ட லேக் ஃபோர்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மூழ்கிய மரங்களும் அடிக்கட்டைகளும் நிறைந்த ஏரி அது. வழி தெரியாதவர் அங்கே மணிக்கு 70 மைலில் போனால் மீனுக்கு முன்னால் கட்டையைத்தான் பிடிப்பார். முழு வேகத்தில் 250 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய 25 காலன் பெட்ரோல் குடிக்கும் என்பதையும் நண்பர் வசதியாக மறந்துவிட்டார். தூண்டில் போடும் நேரமெல்லாம் படகை நகர்த்துவது முன்பக்கத்து மின்சார ட்ரோலிங் மோட்டார்தான். அந்த நேரத்தில் பெரிய எஞ்சினுக்கு வேலையே இல்லை.

பாதுகாப்பைப் பற்றி அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்த சாம் ரேபர்ன் ஏரியில் காற்று எழுந்தால், பக்கச்சுவர் தாழ்ந்த சிறிய படகு நடு நீரில் இருக்கக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து, காற்றடிக்கும் நாளில் போகாமல் இருப்பதும், சின்ன ஏரியைத் தேர்ந்தெடுப்பதும், படகில் பதித்த தகட்டில் எழுதியிருக்கும் ஆள் கணக்கையும் எடையையும் மீறாமல் இருப்பதும்தான். லைஃப் ஜாக்கெட்டும், ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிறும் உயிரைக் காக்கும். 26 அடிக்குக் குறைந்த படகுகளில் அந்தக் கயிற்றை மாட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்று 2021 ஏப்ரலிலிருந்து மத்தியச் சட்டமே சொல்கிறது. இதைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. நேற்றுவரை படகே ஓட்டாதவர் கையில் 250 குதிரைகளைக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பு பேசுவது விந்தை.

அவருடைய பெரிய ஆயுதம், பழைய படகு வாங்குகிறவன் இரண்டு முறை வாங்குகிறான் என்பது. இங்கே அவர் செய்திருப்பது ஒரு தந்திரம். பழையவற்றில் ஆக மோசமானதை எடுத்துப் புதியவற்றில் ஆகச் சிறந்ததோடு நிறுத்தி ஒப்பிடுகிறார். பார்க்காமல் வாங்கினால் எதுவும் ஏமாற்றும். பழைய படகின் குறைகளோ, தேடுகிறவர் கண்ணுக்குத் தப்பாத இடங்களில்தான் இருக்கின்றன.

விற்பவர் வீட்டுக்குப் போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே அவர் ஓட்டி வைத்திருக்கிறார். ஆறிய எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது என்று அர்த்தம். அடுத்து எஞ்சினை மேலே சாய்த்து, கீழ்ப்பகுதியைக் கையால் அழுத்துங்கள். அதைத் தாங்கும் பின்பலகை கூடவே அசைந்தால் உள்ளே மரம் இற்றுப்போயிருக்கிறது. பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். எஞ்சினின் அடிப்பகுதியான லோயர் யூனிட்டின் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் எண்ணெயை வடித்துப் பாருங்கள். பாலூற்றிய காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எல்லா சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவும் பத்து சதவீத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ட்ரெய்லர் டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் 2317 என்றிருந்தால் அது 2017ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. வழவழப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். டெக்சஸில் படகுக்கு ஒரு டைட்டில் (உரிமைப் பத்திரம்), அவுட்போர்டு எஞ்சினுக்குத் தனியாக ஒரு டைட்டில். இரண்டும் விற்பவர் பெயரில் இருக்கின்றனவா, எண்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே பணம். இத்தனையையும் பார்க்க ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போனால் ஆகும் செலவு, நண்பர் சொல்லும் கடனில் ஒரு மாதத் தவணையைத் தாண்டாது.

தவணை என்றதும் அவருடைய கடைசி வாதத்துக்கு வருகிறேன். மாதம் ஐந்நூறு டாலர் பெரிய விஷயமா என்று கேட்கிறார். கணக்குப் போடுவோம். 50,000 டாலர், 8 சதவீத வட்டி, 15 ஆண்டு என்றால் மாதத் தவணை 478 டாலர். கட்டி முடிக்கும்போது 86,000 டாலர் போயிருக்கும். அதில் 36,000 வட்டி மட்டும். இதோடு நின்றாலாவது பரவாயில்லை. நம்மவர் வீட்டு வாசலில் நிற்பது ஹோண்டா ஒடிசி அல்லது டொயோட்டா சியன்னா. இரண்டும் இழுக்கும் எடை அதிகபட்சம் 3,500 பவுண்டு. நண்பர் சிபாரிசு செய்யும் படகு, எஞ்சின், ட்ரெய்லர், பேட்டரி, பெட்ரோல் எல்லாம் சேர்ந்து 4,000 பவுண்டை எட்டும். ஆக, படகை இழுக்க ஒரு டிரக். குடியிருப்புச் சங்கம் வாசலில் படகு நிறுத்த விடாதென்றால் வெளியே வாடகைக்கு ஓர் இடம். அப்புறம் காப்பீடு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்; இவர் காட்டும் சுண்டைக்காயே ஐம்பதாயிரம் டாலர்! இவ்வளவையும் கட்ட ஓவர்டைம் பார்க்கிறவர் ஏரிக்குப் போக நேரம் எங்கே தேடுவார்?

கையில் பத்தாயிரம் டாலர் வைத்திருப்பவருக்கு என் தீர்ப்பு இது. 16, 17 அடி அலுமினியப் படகு, 40 முதல் 60 குதிரைத்திறனுள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின், பழையதாகப் பார்த்து வாங்குங்கள். கட்டையில் இடித்தாலும் பெரும்பாலும் நசுங்குவதோடு போகும், ட்ரெய்லரோடு சேர்த்தாலும் எடை 2,000 பவுண்டைச் சுற்றியே நிற்கும், ஒடிசியே இழுத்துவிடும். பணம் முழுவதையும் படகில் போடாமல் ஐந்தில் ஒரு பங்கை பேட்டரி, டயர், லைஃப் ஜாக்கெட்டுக்கு எடுத்து வையுங்கள். இரண்டு பருவம் ஓட்டிப் பாருங்கள். போட்டியில் இறங்கும் ஆசை அதன் பிறகும் இருந்தால், அப்போது பெரிய படகைப் பற்றிப் பேசலாம்.

நண்பருக்கும் ஒரு வேண்டுகோள். பிறரைக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லும் முன், உங்கள் படகுக்குச் சென்ற ஆண்டு தவணை, வாடகை, காப்பீடு, பெட்ரோல் என்று எவ்வளவு கட்டினீர்கள், அது எத்தனை நாள் தண்ணீரில் இறங்கியது என்று அடுத்த கட்டுரையில் எழுதுங்கள். மிச்சத்தை வாசகரே கூட்டிக் கழித்துக்கொள்வார்.