குறை விரலில் இல்லை

போன மாசம் எங்கள் வீட்டுக்கு ஒரு புது விருந்தாளி வந்தது. யுகுலேலே! பெயரைச் சொல்லவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கிதாருக்குத் தங்கச்சி மாதிரி, நாலே நாலு நைலான் தந்தி. பேத்தியின் பத்தாவது பிறந்த நாளுக்காக மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது. "குழந்தை தொடர்ந்து வாசிக்கிறாளான்னு பார்ப்போம், அப்புறம் நல்லதா வாங்கலாம்" என்று 1,800 ரூபாயில் ஒன்றைப் போனிலேயே ஆர்டர் பண்ணிவிட்டார். மூன்றாம் நாள் பள்ளிக்கரணைக்கு, எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

முதல் இரண்டு நாள் ஒரே குதூகலம். போனில் பாடம் பார்த்து, ஒரு விரலை மட்டும் வைத்து வாசிக்கும் 'ஸி' என்ற கூட்டுஸ்வரம் கற்றுக்கொண்டாள். அடுத்து 'எஃப்'. அங்கேதான் வந்தது வினை. எத்தனை தடவை மீட்டினாலும் காதைக் குத்துகிற அபஸ்வரம். நாலாம் நாள் வாத்தியம் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"என்னடி கண்ணு, வாசிக்கல்லையா?"

"எனக்கு வராது பாட்டி. என் விரலே சரியில்லை."

அந்த வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது. காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

1971-ல் எனக்குப் பன்னிரண்டு வயசு. தஞ்சாவூரில் வீணை கற்றுக்கொண்டிருந்தேன். டீச்சர் வீட்டு வீணையில் ஒழுங்காக வரும் ஸ்வரம், எங்கள் வீட்டு வீணையில் மட்டும் கோணலாகக் கேட்கும். "இவளுக்குக் காது போதாது" என்று வீட்டில் பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். நானும் நம்பினேன். பாட்டு வகுப்பு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து வீணையை விற்கும்போது, மேளம் கட்டுகிறவர் வந்து பார்த்தார். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல்தானே உட்கார்ந்திருக்கின்றன? அந்த மெழுகு வெயிலில் இளகி, மெட்டுகள் இடம் மாறியிருந்தன. "இதுலே யார் வாசிச்சாலும் இப்படித்தாம்மா கேட்கும்" என்றார். என் காதில் குறையில்லை. ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

அதனால் பேத்தியின் யுகுலேலேயைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சுருதி காட்டும் முள் இப்போது போனிலேயே இருக்கிறதே! நாலு தந்தியையும் ஜி, ஸி, ஈ, ஏ என்று சேர்த்தோம். புது நைலான் தந்தி நாலைந்து நாளாவது இழுபட்டுக்கொண்டே இருக்கும்; சுருதி இறங்குவது சகஜம். வாசிக்க உட்காரும் ஒவ்வொரு தடவையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அது குறையல்ல.

பிறகு ஒரு சோதனை. ஒவ்வொரு தந்தியையும் முதலில் சும்மா மீட்டி, அப்புறம் பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டினோம். இரண்டும் ஒரே ஸ்வரமாக, கீழ் ஸா மேல் ஸா போலக் கேட்க வேண்டும். கேட்டது. நல்லவேளை! இது நன்றாகவே விலகியிருந்தால் வாத்தியத்தைத் திருப்பி அனுப்பியிருப்போம். கழுத்து முறுக்கியிருந்தாலும், பலகையில் விரிசல் இருந்தாலும், தந்தி கட்டும் குதிரை பெயர்ந்து வந்தாலும் அப்படித்தான். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இவற்றைப் பார்த்துவிட வேண்டும். மற்றதெல்லாம் சில்லறைக் குறைகள்.

அந்தச் சில்லறைதான் எங்கள் வீட்டில் குழந்தையை அழ வைத்தது. ஈ தந்தியின் முதல் மெட்டில் அவளை அழுத்தச் சொன்னேன். போன் முள் எஃப்-ஐத் தாண்டி மேலே ஓடியது. நான் அழுத்தினேன். அப்போதும் ஓடியது!

"பார்த்தியா? பாட்டி விரல்லேயும் அப்படித்தான் வருது. அப்போ குறை எங்கே இருக்கு?"

அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை என்னவென்று சொல்ல!

சங்கதி இதுதான். கழுத்தின் தலைப்பக்கம் ஒரு சின்ன வெள்ளைப் பட்டை இருக்கும். அதிலுள்ள பள்ளங்களில்தான் தந்திகள் உட்காருகின்றன. மலிவு வாத்தியங்களில் பள்ளத்தை ஆழம் போதாமல் வெட்டி விடுகிறார்கள். தந்தி உயரத்தில் நிற்கிறது. முதல் மெட்டைத் தொட அதை அதிகம் இழுக்க வேண்டியிருப்பதால் ஸ்வரம் ஏறிவிடுகிறது. குழந்தை பயந்துபோய் இன்னும் அழுத்த, இன்னும் ஏறுகிறது. இதைக் கண்டுபிடிக்கச் சுலப வழி: தந்தியை மூன்றாவது மெட்டில் அழுத்திப் பிடித்து, முதல் மெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு மெல்லிய காகிதம் நுழைந்தால் போதும். கல்யாணப் பத்திரிகை அட்டையே தாராளமாக நுழைந்தால் உயரம் அதிகம்.

பள்ளத்தை ஆழப்படுத்த நான் துணியவில்லை. ஒரு இழை கூடிப்போனால் தந்தி மெட்டில் உரசி இரையும். தாம்பரம் பக்கம் கிதார் பழுது பார்க்கும் ஒருவரிடம் எடுத்துப் போனோம். மெல்லிய அரத்தால் நாலு தேய், சுருதி பார்த்து இன்னும் இரண்டு தேய். அரை மணியில் வேலை முடிந்தது. இருநூறு ரூபாய்.

மற்றவற்றை வீட்டிலேயே பார்த்துக்கொண்டோம். மெட்டுகளின் ஓரம் கூராக நீட்டிக்கொண்டு கையைக் கீறியது. மரத்தின் மேல் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, நகம் தேய்க்கும் அரத்தால் ஓரங்களை மட்டும் மெதுவாக உருட்டிவிட்டேன். ஒரு பிருடை நழுவிக்கொண்டே இருந்தது. அதன் நுனியிலிருந்த குட்டித் திருகாணியை அரைச் சுற்று முடுக்கினதும் நின்றது. சுருதி சேர்க்கும்போது தந்தி 'டிக்'கென்று சிக்கிச் சிக்கி ஏறியது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தடவினோம், வழுக்கிக்கொண்டு ஏறியது. 'ஜ்ர்ர்' என்று ஒரு இரைச்சல்; மெட்டுதான் கோளாறு என்று நினைத்தால், குதிரைக்குப் பின்னால் நீண்டிருந்த தந்தி வால் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது! கத்தரிக்கோலால் நறுக்கினேன். சரியாய்ப் போயிற்று.

இன்னொன்று. எங்கள் ஊர்ச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பெருமையுடையது. பறவைகளுக்குச் சொர்க்கம்தான், ஆனால் மழைக்காலத்தில் வீட்டு அலமாரிக் கதவுகூட உப்பிக்கொள்ளும். மர வாத்தியமும் அப்படித்தான். ஈரச் சுவரில் மாட்டாதீர்கள்; ஏ.ஸி. காற்று நேரே படும் இடமும், வெயிலில் நிற்கும் காரும் வேண்டாம். உறையில் போட்டு உள்சுவர்ப் பக்கம் வைத்தால் போதும்.

மலிவு என்று முகம் சுளிக்கவும் வேண்டாம். 1879-ல் போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஹவாய்க்குக் கப்பலேறினவர்களில் மரவேலை தெரிந்த மூன்று பேர் இருந்தார்கள். தங்கள் ஊர்ச் சின்ன வாத்தியத்தைப் பார்த்து அவர்கள் அங்கே செய்யத் தொடங்கியதுதான் இந்த யுகுலேலே. உழைப்பாளிகள் கையில் பிறந்த சாமான்.

இப்போது சாயங்காலமானால் எங்கள் வீட்டில் 'ஸி'யும் 'எஃப்'பும் கேட்கிறது. தப்பும் வருகிறது. ஆனால் தப்பு வந்தால் முதலில் சுருதியைப் பார்க்கிறாள், பிறகு விரலைப் பார்க்கிறாள். அழுவதில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் குழந்தை வாத்தியமோ, தையல் மெஷினோ, புதுச் சைக்கிளோ, எதையாவது தொட்டுவிட்டு "எனக்கு வராது" என்று ஒதுங்கினால், உடனே "உனக்குப் பொறுமையில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சாமானை ஒரு தடவை நீங்கள் கையில் எடுத்துப் பாருங்கள். எனக்காக 1971-ல் யாரும் அப்படி எடுத்துப் பார்க்கவில்லை.

நேற்று பேத்தி கேட்கிறாள்: "பாட்டி, உனக்கும் கத்துத் தரட்டுமா?"

சரி என்று சொல்லியிருக்கிறேன்.