சீருடை தரும் உரிமையல்ல துவக்கு

2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் பாதாள உலகத் தலைவராகக் கருதப்பட்ட கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி வெலிகம பிரதேச சபைத் தவிசாளர் தமது அலுவலகத்திலேயே சுடப்பட்டு இறந்தார். இப்படி ஒன்று நடக்கும்போதெல்லாம் நாட்டில் எழும் குரல் ஒன்றுதான்: பொலிஸாருக்கு இன்னும் துவக்குக் கொடுங்கள், காவலாளிகளுக்கும் கொடுங்கள். அச்சத்தில் எழும் குரல் அது. அந்த அச்சம் பொய்யில்லை. ஆனால் புதுக்கடையில் அன்று துவக்குக்குப் பஞ்சம் இருக்கவில்லை. பூசா சிறையிலிருந்து பலத்த பாதுகாப்போடு அழைத்து வரப்பட்ட கைதி சஞ்சீவ. சட்டத்தரணி உடையில் வந்தவரையும், உள்ளே குடைந்து ரிவோல்வர் ஒளித்து வைத்த புத்தகத்தையும் யாரும் சோதிக்கவில்லை. தவறியது வாசலில் நடந்திருக்க வேண்டிய சோதனை. இன்னும் பத்துத் துவக்குகள் உள்ளே இருந்திருந்தாலும் அந்தத் தவறு திருந்தியிராது. பொலிஸாரோ தனியார் காவலாளியோ, ஒருவர் துவக்கு ஏந்துவது அவர் அணிந்த சீருடையால் வரும் உரிமையாக இருக்கக்கூடாது. ஆண்டுதோறும் பரீட்சைக்கு நின்று, தேறி, புதுப்பித்துக்கொள்ள வேண்டிய அனுமதியாகவே அது இருக்க வேண்டும். தேறாதவர் அந்தச் சீருடையிலேயே வேறு கடமை செய்யலாம்.

வத்தேகம போன்ற ஓர் ஊரை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். கண்டி, பன்வில பஸ்கள் நெருக்கியடிக்கும் தெரு, இருபுறமும் ஒட்டி நிற்கும் கடைகள், சம்பள நாட்களில் தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் சனம், நகை மீட்கவும் வைக்கவும் அடகுக் கடை வாசலில் காத்திருக்கும் பெண்கள். இந்தத் தெருவில் ஒரு ரி-56 வெடித்தால் என்னாகும்? அது போர்க்களத்துக்கென்று செய்யப்பட்ட துவக்கு. முப்பது ரவைகள் கொள்ளும் மகசின், முந்நூறு மீற்றருக்கு அப்பாலும் ஆளை வீழ்த்தும் வேகம். பலகைக் கதவையும் மெல்லிய சுவரையும் அதன் ரவை ஊடுருவிப் போகும். வலப்பக்கத்தில் உள்ள இரும்புத் தகட்டை ஒரு படி கீழே தள்ளினால் அது தொடர்சூட்டில் நிற்கும். ஒவ்வொன்றாகச் சுட வேண்டுமென்றால் இன்னும் ஒரு படி தள்ள வேண்டும். கை நடுங்கும் நேரத்தில் அந்த ஒரு படியை விரல் தானாகவே அறிந்திருக்க வேண்டும். பயிற்சிக் கல்லூரியில் எப்போதோ ஒரு நாள் சுட்ட ஞாபகம் அதற்குப் போதாது. உள்நாட்டு யுத்த காலத்தில் பொலிஸ் நிலையங்களைத் தாக்குதலிலிருந்து காப்பாற்ற அந்தத் துவக்கு தேவைப்பட்டது. யுத்தம் 2009இல் முடிந்தது. வீதித் தடையிலும் கூட்டத்தின் நடுவிலும் அது இன்னும் பொலிஸாரின் தோளில் தொங்குவதற்கு, கிடங்கில் இருக்கிறது என்பதைத் தவிர வலுவான காரணம் சொல்லப்பட்டதில்லை.

தொடர்ந்து பயிற்சி பெறுகிறவர்களுக்கே நெருக்கடியில் குறி தப்புகிறது. நியூயோர்க் நகரப் பொலிஸின் துப்பாக்கிப் பயிற்சியை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட அறிக்கையின்படி, எதிராளியும் திருப்பிச் சுடும் மோதல்களில் பொலிஸார் சுட்ட ரவைகளில் ஏறத்தாழ 18 வீதமே இலக்கில் பட்டன. மற்றவை எங்கோ போயின. எங்கே போகும் என்பதை 2012 ஓகஸ்ட் 24ஆம் திகதி அந்நகரின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன் உலகம் பார்த்தது. ஒரு கொலையாளியை எதிர்கொண்ட இரண்டு பொலிஸார் 16 ரவைகள் சுட்டனர். வழியில் நின்ற ஒன்பது பேர் காயமடைந்தனர்; அத்தனை பேரும் பொலிஸாரின் ரவைகளாலும் அவற்றின் சிதறல்களாலும் காயப்பட்டவர்கள். அந்தப் பொலிஸாரின் கையில் இருந்தவை கைத்துப்பாக்கிகள். நமது கடைத்தெருவில் இருப்பது அதைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகமுள்ள ஆயுதம். அதை ஏந்துபவர் கடைசியாக எப்போது சுட்டுப் பழகினார் என்பதைப் பொதுமக்கள் அறிய வழியில்லை.

நமது நாட்டு அனுபவம் இன்னும் கசப்பானது. 2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் கொக்குவில் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் சென்ற இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தபோது முதலில் விபத்து என்றே சொல்லப்பட்டது. உடலில் பாய்ந்திருந்த ரவை, அது பொலிஸ் சூடு என்ற வேறு கதை சொன்னது. 2022 ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து ரயில் பாதையை மறித்த கூட்டத்தின் மீது சூடு நடத்தப்பட்டு ஒருவர் மாண்டார், பலர் காயமடைந்தனர். 2023 டிசம்பர் 31ஆம் திகதி வெலிகமவில் ஒரு ஹோட்டலுக்கு வந்த கொழும்பு குற்றப்பிரிவினரை உள்ளூர்ப் பொலிஸார் அடையாளம் அறியாமல் சுட, பொலிஸ்காரர் ஒருவரே பலியானார். ஆனால் என் மனதை அதிகம் உறுத்துவது 2021 டிசம்பர் 24ஆம் திகதி இரவு திருக்கோவில் பொலிஸ் நிலையத்தில் நடந்தது. அங்கே கடமையிலிருந்த சார்ஜன்ட் ஒருவர் தம் சக பொலிஸார் மீது சுட்டதில் நால்வர் உயிரிழந்தனர். விடுமுறை தொடர்பான பிணக்கே காரணம் என்று அப்போது பேசப்பட்டது. காரணம் எதுவாயினும், மனம் குலைந்து நிற்கும் ஒருவரின் கையில் நிறைத்த துவக்கு இருப்பதை அந்த நிலையத்தில் யாராலும் தடுக்க முடியவில்லை. பயிற்சி என்றதும் குறி பார்த்துச் சுடுவதை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். ஆயுத அறையைத் திறப்பவர் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து, இன்று உனக்கு இல்லை என்று மறுக்கக்கூடிய அதிகாரமும் அந்தப் பயிற்சியின் பகுதிதான். இறந்த நால்வரும் பொலிஸார். ஆகவே, பரீட்சை கேட்பது பொலிஸாருக்கு எதிரான கோரிக்கை என்று நினைப்பவர்கள் அந்த நால்வரின் குடும்பங்களை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தனியார் காவலாளியின் நிலை இதைவிடச் சிக்கலானது. 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் காவல் நிறுவனங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. துவக்கு அனுமதி சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆனால் சுடும் தருணத்தில் காவலாளிக்குப் பொலிஸாரின் அதிகாரம் கிடையாது. சாதாரணப் பிரசைக்குத் தண்டனைச் சட்டக்கோவை தரும் தற்காப்பு உரிமை மட்டும்தான் அவருக்கும் உண்டு. அடகுக் கடைக் கொள்ளையன் பையோடு ஓடிக்கொண்டிருக்கும்போது முதுகில் சுட்டால் அது தற்காப்பா, கொலையா? அந்தக் கேள்விக்கு அரை நொடியில் விடை சொல்ல வேண்டியவர், பெரும்பாலும் பன்னிரண்டு மணிநேர முறையில் நிற்கும், சொற்பச் சம்பளக்காரர். தப்பாக விடை சொன்னால் சிறைக்குப் போவதும் அவர்தான். அவரை வேலைக்கு அமர்த்திய நிறுவனம் அடுத்த நாள் வேறொருவரை அதே வாசலில் நிறுத்தும். பயிற்சி இல்லாமல் துவக்கைக் கொடுப்பது முதலில் அந்தக் காவலாளிக்கே இழைக்கப்படும் அநீதி.

இவர்களில் பலர் முன்னாள் இராணுவத்தினர், இன்னும் என்ன பயிற்சி வேண்டும் என்று கேட்கப்படுகிறது. இராணுவம் கற்றுத்தருவது எதிரி நிற்கும் திசையைச் சூட்டால் அடக்குவதை. கடை வாசலில் திசை முழுவதும் வாடிக்கையாளர்கள். இந்தியா இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தனியார் காவல் நிறுவனச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி விதிகள் புதிய காவலாளிக்கு 100 மணிநேர வகுப்பும் 60 மணிநேரக் களப்பயிற்சியும் கட்டாயமாக்கின. முன்னாள் படையினருக்கும் விலக்கில்லை: அவர்களுக்கு 40 மணிநேர வகுப்பும் 16 மணிநேரக் களப்பயிற்சியும். அங்கே அது எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. எழுத்தில் ஓர் அளவு இருந்தால் மீறலைச் சுட்டிக்காட்டவாவது முடியும்.

பாதாள உலகத்தினர் ரி-56 வைத்திருக்கும்போது பொலிஸாரின் கையைக் கட்டலாமா என்பதுதான் வலுவான ஆட்சேபம். கையைக் கட்டச் சொல்லவில்லை. ஆயுதக் கும்பலைத் தேடிப் போகும் குழுவுக்கு நல்ல ஆயுதமும் அதற்கேற்ற கடும் பயிற்சியும் கட்டாயம் வேண்டும். இங்கிலாந்தில் பெரும்பாலான பொலிஸார் துவக்கின்றியே கடமைக்குச் செல்கின்றனர். தேர்ந்தெடுத்துப் பயிற்றப்பட்டவர்களே ஏந்துகின்றனர். நமது சூழலில் அவ்வளவு தூரம் போக முடியாது, போகவும் தேவையில்லை. ஆனால் போக்குவரத்துக் கடமைக்கும் கூட்டக் கட்டுப்பாட்டுக்கும் குற்றவாளி வேட்டைக்கும் ஒரே துவக்கு என்பது எந்தக் கணக்கிலும் பொருந்தாது. வத்தேகமவுக்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2018 மார்ச்சில் திகனயிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது ஆயுதம் தாங்கிய பொலிஸாரும் விசேட அதிரடிப்படையினரும் களத்தில் இருந்தார்கள். எரிப்பதை அந்த ஆயுதங்கள் தடுக்கவில்லை. கேடயமும் தடியும் நீர்ப்பீரங்கியும் கொண்டு கும்பலைத் தொடக்கத்திலேயே கலைக்கும் பயிற்சியும், அதற்குத் தயங்காமல் கட்டளையிடும் அதிகாரியும்தான் அன்று தேவைப்பட்டன. துவக்கு மட்டுமே கையிலிருப்பவருக்கு இரண்டே வழிகள்தான்: பார்த்துக்கொண்டு நிற்பது, அல்லது ரம்புக்கனையில் நடந்ததைச் செய்வது.

செலவு என்பார்கள். ரவைக்குப் பணம் வேண்டும், பயிற்சிக்கு ஆளை விடுவிக்க வேண்டும், நாடு கடனில் இருக்கிறது. ஏந்துபவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் எஞ்சியவர்களுக்கு அதே ரவைகளைக் கொண்டு கூடுதலாகப் பழக்கலாம். சுடலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் பயிற்சிக்குப் பெரும்பாலும் ரவையே தேவையில்லை. ஒரு வெற்று அறையும், வேடமேற்க இரண்டு பேரும், கண்டிப்பான ஆசிரியரும் போதும்.

1990இல் ஹவானாவில் ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகள், சிறப்புப் பயிற்சியை முடித்தவருக்கு மட்டுமே துப்பாக்கி ஏந்தும் அனுமதி என்று சொல்லி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பாதுகாப்பு அமைச்சு 2024 நவம்பரில், தற்காப்புக்கென்று தனியாருக்குக் கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காகத் திரும்பக் கேட்டது. கேட்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது என்பது அதில் தெரிந்தது. சுடுகலன் அனுமதிப்பத்திரங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றன. அடுத்த புதுப்பித்தலின்போது ஒவ்வொரு காவல் நிறுவனமும் துவக்கின் இலக்கத்தோடு அதை ஏந்துபவர் அந்த ஆண்டில் தேறிய பரீட்சையின் சான்றையும் இணைக்க வேண்டும்; பொலிஸ் நிலையங்களுக்கும் அதே விதி, சரிபார்ப்பது தேசிய பொலிஸ் ஆணைக்குழு. வத்தேகம நிலையத்தில் இத்தனை பேர் கடமையில், அவர்களில் இத்தனை பேர் தேறியவர்கள் என்ற எண் நிலைய வாசலில் ஒட்டப்படட்டும். அதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.